தொழிற்கல்விக்குத் தனி நோட்டு

என் மகன் இறந்த நாளன்று அவன் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். வருகைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. பதிவேட்டில் பொய் ஏதும் இல்லை. அதில் அவன் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. அவன் கையெழுத்திட்டு வந்தது எண்பது பக்க நோட்டு ஒன்றில். பதிவேடு தலைமையாசிரியரின் மேசை மீது இருக்கும். அந்த நோட்டு வெளியே அலுவலக உதவியாளரின் ஸ்டூல் மீது, மணியடிக்கும் கட்டைக்குப் பக்கத்தில் கிடக்கும். தொழிற்கல்வி சொல்லித்தருபவர்களுக்கு இப்படித் தனி நோட்டு வைக்கும் வழக்கத்தை இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் தொடங்கியவன் நான்.

இயற்பியலில் முதுகலைப் பட்டமும் கல்வியியலில் முனைவர் பட்டமும் பெற்றவன் நான். தலைமையாசிரியராகவும் பின்னர் மாவட்டக் கல்வி அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். இதை இங்கே குறிப்பிடுவது பெருமைக்காக அல்ல. இனிச் சொல்லப் போகிறவை எதுவும் அறியாமையால் செய்யப்பட்டவை அல்ல என்பது தெரிய வேண்டும்.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த காலம் அது. அறிவியல் பிரிவுக்கு மதிப்பெண் போதாத பிள்ளைகளைச் சேர்ப்பதற்கென்று இயந்திரப் பிரிவு ஒன்று வைத்திருந்தோம். அதற்குப் பாடம் எடுத்தவர் சுரங்கப் பணிமனையில் கடைசல் பிடிக்கும் டர்னராக இருந்தவர். கடைசல் எந்திரத்தின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்தப் பையன் எந்தத் தவறு செய்கிறான் என்று அடுத்த அறையிலிருந்து சொல்லக்கூடியவர். பல வருடம் தற்காலிகமாக இருந்த அவரை அரசு நிரந்தரமாக்கியது. அதனால் அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. பணியில் சேர்ந்த வரிசைப்படி எழுதியபோது, அவர் பெயர் கணித ஆசிரியரின் பெயருக்கு ஒரு வரி மேலே போய் அமர்ந்தது.

கணித ஆசிரியர் இளைஞர். பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றுத் தேறியவர். மறுநாளே என் அறைக்கு வந்தார்.

"சார், நான் எம்.எஸ்சி., எம்.எட். தினம் காலையில ஒரு டர்னருக்குக் கீழ கையெழுத்துப் போடணும்னா எப்படி சார்? பசங்க பாக்கறாங்க."

"பசங்க எங்கப்பா பதிவேட்டைப் பாக்கறாங்க?"

"நான் பாக்கறேனே சார்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கடைக்கு ஆளனுப்பி ஒரு நோட்டு வாங்கிவரச் செய்தேன். மேலட்டையில் 'நிர்வாக வசதி கருதி: தொழிற்கல்வி' என்று என் கையால் எழுதினேன். அலுவலக உதவியாளர் உள்ளே கட்டம் போட்டு ஸ்டூல் மீது வைத்தார்.

மறுநாள் டர்னர் அந்த நோட்டோடு என் அறை வாசலில் வந்து நின்றார். முறையீடு வரும் என்று எதிர்பார்த்து இரண்டு அரசாணைகளைத் தேடி எடுத்து மேசை மீது வைத்திருந்தேன்.

"சார், கோடு கோணலா இருக்குதுங்க," என்றார். "அவரு கையால அளந்து போட்டுருக்காரு போல. குடுத்தீங்கன்னா ஸ்டீல் ரூல் வெச்சி நானே போட்டுக் குடுத்துடறேன்."

கொடுத்தேன். மாலையில் நோட்டு திரும்பி வந்தது. எண்பது பக்கத்துக்கும் ஐந்து கட்டங்கள்: தேதி, வருகை, புறப்பாடு, கையெழுத்து, பார்வையிட்ட அலுவலர். ஒரு பக்கத்தின் கோட்டின் மீது அடுத்த பக்கத்தின் கோடு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பணிவினால் செய்தாரா, பரிகாசமாகச் செய்தாரா, கோணல் கோட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறும் வயதை எட்டுகிறவர்களின் பட்டியலை எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தயாரிப்பார். டர்னர் அந்தப் பதிவேட்டில் இல்லை. ஆகவே அவர் ஓய்வு பெற வேண்டிய நாள் வந்ததும் போனதும் யார் கண்ணிலும் படவில்லை. பதினோரு வேலைநாள் கழித்து, வேறு ஏதோ கோப்பைப் புரட்டும்போது எழுத்தர் கண்டுபிடித்தார். டர்னரை அழைத்துக் கேட்டேன்.

"உங்க பிறந்த தேதி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க சார்."

"அப்புறம் ஏன் வந்துக்கிட்டிருந்தீங்க?"

"யாராச்சும் கூப்ட்டுச் சொல்லுவாங்கன்னு பாத்துகினு இருந்தேங்க."

அந்தப் பதினோரு கையெழுத்துகளையும் சிவப்பு மையால் நானே அடித்து, ஐந்தாவது கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் சுருக்கொப்பமிட்டேன். அந்த நோட்டில் அதிகாரியின் ஒப்பம் விழுந்த பக்கம் அது ஒன்றுதான். அவருக்கு வழியனுப்பு விழா நடத்தத் தேதி கடந்துவிட்டிருந்தது.

பின்னாளில் மாவட்ட அதிகாரியானபோது, அந்த ஐந்து கட்டப் படிவத்தை மாதிரியாக எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினேன். நல்ல ஏற்பாடு என்று பல தலைமையாசிரியர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

இந்த ஊரில் ஒருவர் மற்றவரைப் பற்றி முதலில் விசாரிப்பது பெயரையோ சாதியையோ அல்ல. பர்மனெண்டா, கான்ட்ராக்டா என்பதைத்தான். மற்றவை அதன்பின் வரும். என் மகன் மின்பொறியியலில் டிப்ளமோ முடித்தான். பொறியியல் பட்டத்துக்கு மேலே படி என்றேன், படிக்கவில்லை. சுரங்கத்தில் ஒரு வருடம் அப்ரென்டிஸ், பிறகு சில வருடம் கான்ட்ராக்ட். அதன்பின் முத்தாண்டிக்குப்பத்துக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் மின்பணி சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அதுவும் ஏதோ ஓர் ஏஜென்சி மூலமான ஒப்பந்தம்தான். ஆனால் அந்த வேலையை அவன் விரும்பினான். எவ்வளவு விரும்பினான் என்பதை நான் கவனித்ததாக அவனுக்குக் காட்டிக்கொண்டதில்லை.

ஒரு திருமணத்தில் பழைய நண்பர் ஒருவர், "பையன் என்ன பண்றாப்ல?" என்று கேட்டார். "கல்வித் துறையில இருக்கான்," என்றேன். பக்கத்தில் நின்ற என் மகன் சிரித்துக்கொண்டே, "வயரிங் சொல்லித் தரேன் அங்கிள். வீட்டுல ஏதாச்சும் ஷாக் அடிச்சா கூப்பிடுங்க," என்றான். நண்பர் என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்காக என் மகனை மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

என் மனைவி மறைந்தபின் அவர்களோடு வந்து சேர்ந்தேன். குவார்ட்டர்ஸ் மருமகளின் பெயரில் இருந்தது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெண். அதற்கு ஈடாக வந்த வேலையில் அலுவலக எழுத்தராக இருக்கிறாள், பர்மனெண்ட். அவர்களுக்குக் குழந்தை இல்லை. காலை நேரத்தில் அந்த வீட்டில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"வாத்தியாரே, மிக்சி ஓடல. பாத்துட்டுப் போங்க."

"வாத்தியார்னு கூப்ட்டா சும்மா பாப்பேன். வயர்மேன்னு கூப்ட்டா பில்லு போடுவேன்."

"அதான் வாத்தியாரேன்னு கூப்புடுறேன். வயர்மேனுக்குக் குடுக்க வூட்டுல காசு ஏது?"

அவனை அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் நான் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், "டெசிக்னேஷன் இன்ஸ்ட்ரக்டர்," என்றேன்.

அவள் மிக்சியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வூட்டுக்குள்ளயும் டெசிக்னேஷனா மாமா?" என்று கேட்டாள். அவன் குனிந்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். 

ஆசிரியர் தின விழாவுக்கு அவனுடைய பள்ளியில் என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அழைத்த தலைமையாசிரியர் யாரென்றால், அன்று என்னிடம் வந்து முறையிட்ட அதே கணித ஆசிரியர். தலை நரைத்து, குரல் தணிந்து, ஓய்வுக்குச் சில மாதங்களே மிச்சமிருந்த நிலையில் இருந்தார். என் மகன் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். காரனுப்பி என்னைக் கூட்டிப் போனார். என் மகன் வழக்கம்போல் விடிந்ததும் பைக்கில் போய்விட்டிருந்தான்.

விழாவுக்கு முன் பள்ளியைச் சுற்றிக் காட்டினார்கள். மின்பணி ஆய்வகத்தின் ஜன்னல் வழியாக அவன் வகுப்பை ஒரு நிமிடம் பார்க்க நேர்ந்தது. ஒரு மாணவி பலகையில் மாடிப்படி விளக்குக்கான இணைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "லெஃப்ட் ஹேண்ட் எங்க?" என்றான் அவன். அவள் சட்டென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஆங். ஒரு கை எப்பவும் பின்னாடி இருக்கணும். ரெண்டு கையும் உள்ள வுட்டா கரண்ட் நெஞ்சு வழியாப் போவும். ஒரு கைன்னா திட்டிட்டு வுட்டுரும்." வகுப்பு சிரித்தது. அது நல்ல வகுப்பு. முப்பது வருடம் வகுப்புகளைப் பார்வையிட்டவன் சொல்கிறேன். அன்று அவனிடம் சொல்லவில்லை.

மேடையில் ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்தச் சொன்னார்கள். தலைமையாசிரியர் பட்டியலைப் படித்தார், நான் போர்த்தினேன். முதுகலை ஆசிரியர்கள், பட்டதாரி ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர், ஓவிய ஆசிரியர். பட்டியல் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதப்பட்டது என்பதை அதன் வரிசையைக் கேட்டதும் அறிந்துகொண்டேன். பட்டியல் முடிந்தது. கைதட்டினார்கள். சால்வை ஒன்று மீந்திருந்தது. அதை எனக்குப் போர்த்தினார்கள்.

நான் பேச எழுந்து, ஆசிரியப் பணியின் மேன்மை பற்றி இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போது மைக் நின்றுபோனது. "வயர்மேன் சாரைக் கூப்பிடுங்க," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். என் மகன் கூட்டத்தின் பின்னாலிருந்து ஓடி வந்து, என் காலடியில் குந்தி உட்கார்ந்து, டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு, மேடைக்கடியில் கைவிட்டு ஒயரைத் துழாவினான். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தமிழாசிரியை என்னிடம் குனிந்து, "இந்த ஆளு இல்லேன்னா எங்க ஸ்கூல்ல ஒரு ஃபேன் ஓடாது சார்," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவன் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியா என்று தலையசைத்தேன்.

மைக்கில் உயிர் வந்தது. "இப்பப் பேசுங்கப்பா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். தமிழாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

நன்றியுரையில், பந்தல், தேநீர் ஆகியவற்றுக்கு அடுத்ததாக 'ஒலிபெருக்கி உதவி' என்று அவனையும் குறிப்பிட்டார்கள்.

தலைமையாசிரியருக்குக் கடலூரில் ஏதோ கூட்டம் இருந்ததால் திரும்பும்போது மகனின் பைக்கில் வந்தேன். சாலையின் இருபுறமும் முந்திரித் தோப்பு. கொஞ்ச தூரம் வந்தபின் அவன் பேசினான்.

"அப்பா, ஹெச்.எம். உங்ககிட்ட வேலை பாத்தவர்தானே?"

"ஆமாம்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. சம்பளம், அது இதெல்லாம் வேணாம்ப்பா. பெரிய பதிவேட்டுல கடைசியா ஒரு வரி. எல்லாரும் போடற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போயிடுவேன். பசங்க காலையில அந்த ஸ்டூல்கிட்ட நான் குனியறதைப் பாக்கறாங்க."

"விதிப்படி முடியாது. உன் நியமனம் ஏஜென்சி மூலமானது. அரசுப் பதிவேட்டுல உன் பேர் வந்தா நாளைக்குத் தணிக்கையில அவருக்குத்தான் கேள்வி வரும்."

"அவரு ரெடியாத்தான் இருக்காரு. 'அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கப்பா'ன்னாரு."

எனக்குப் போர்த்திய சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்த நோட்டு நீங்க கொண்டு வந்ததாமே," என்றான்.

"ஆமாம்."

"நல்லா இருக்குப்பா ஃபார்மட்டு. அளவா, அழகா இருக்கு."

கிண்டலா என்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "நீ தகுதியை உயர்த்திக்க," என்றேன். "தகுதி வந்தா வரியும் வரும்." நகரியத்தின் நுழைவு வளைவு வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான். அவன் என்னிடம் கேட்ட கடைசிக் காரியம் அந்த ஒரு வரிதான்.

அவன் இறந்தது ஒரு வேலைநாளின் காலையில், பள்ளிக்குப் போகும் வழியில். சாலையோரம் நின்றிருந்த லாரியில் பைக் மோதியது. எதிரே ஏதோ குறுக்கே வந்ததால் ஒதுங்கினான் என்றார்கள், பார்த்தவர் யாருமில்லை. பள்ளியில் வழிபாடு நடந்தது, பதிவேடு மூடப்பட்டது, வராதவர் யாருமில்லை என்று மேலிடத்துக்குத் தினசரி விவரம் போயிற்று. மின்பணி மாணவர்கள் ஆய்வகத்தின் பூட்டிய கதவுக்கு முன் இரண்டு பாடவேளை நின்றிருக்கிறார்கள். "வயர்மேன் சார் லீவு போல, கிளாசுக்குப் போங்க," என்று யாரோ அவர்களை அனுப்பியிருக்கிறார்கள். மதியம் வரை அவன் வராததை அந்தப் பள்ளியில் வேறு யாரும் அறியவில்லை. அறிவதற்கான ஏற்பாடு இல்லை.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸின் முன்னறையில் அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். அவனுடைய மாணவர்கள் ஒரு வேனில் வந்து, சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள். பலருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

என் கைபேசி ஒலித்தது. தலைமையாசிரியர்.

"சார், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மன்னிக்கணும். அஞ்சலி பேனர் அடிக்கற எடத்துல நிக்கறேன். பேருக்குக் கீழ என்ன போடறதுன்னு ஸ்டாஃப்ல ரெண்டு அபிப்ராயம் சார். எனக்கு ஆசிரியர்னே போட்டுடலாம்னு தோணுது. போனவருக்கு நாம செய்யக்கூடியது அது ஒண்ணுதானே. ஆனா நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா, உங்க வார்த்தை இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும். நீங்க சரின்னா போட்டுடறேன் சார்."

மருமகள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் இடையே மூன்றடி தூரம் இருக்கும்.

"தொழிற்கல்விப் பயிற்றுநர்," என்றேன். "அப்படியே போடுங்க. சரியா இருக்கட்டும்."

மறுமுனையில் அச்சு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "சரிங்க சார்," என்றார்.

துக்கத்தில் நிலைதவறிச் சொல்லிவிட்டேன் என்று சிலர் எனக்காகச் சொன்னார்கள். அப்படி அல்ல. நான் முழு நிதானத்தில் இருந்தேன். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்தபோது, சொந்த மகனுக்காகக்கூட விதியை வளைக்கவில்லை என்று ஒரு கணம் நிறைவாகவும் இருந்தது. அந்த நிறைவை இப்போதும் துல்லியமாக நினைவுகூர முடிகிறது.

"யாரு மாமா?" என்றாள் அவள்.

"ஹெச்.எம்."

"என்னா போடச் சொன்னீங்க?"

சொன்னேன். நான் பேசியது அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்லவைத்தாள். பிறகு முந்தானையால் கண்ணாடியின் மேல் படிந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"செத்ததுக்கு அப்புறமும் கான்ட்ராக்டுதானா," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. அங்கிருந்த பெண்கள் தலைகுனிந்துகொண்டார்கள்.

பேனரை எங்கள் பிளாக்கின் முனையில், பால் பூத்துக்கு எதிரே கட்டியிருந்தார்கள். படம், பெயர், பதவிப்பெயர். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நான் சரிபார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவனுடைய பொருள்களைப் பெற்றுக்கொள்ளப் பள்ளிக்குப் போனோம். மருமகள் வந்தே தீருவேன் என்றாள். தலைமையாசிரியர் எழுந்து நின்று, எங்களுக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார். ஓர் அட்டைப்பெட்டியில் டெஸ்டர், மல்டிமீட்டர், ஒரு நீல மேலங்கி, மதிய உணவுக்கு வைத்திருந்த எவர்சில்வர் ஸ்பூன்.

"சார், அந்தப் பெரிய ரிஜிஸ்தர ஒரு தபா காட்டுறீங்களா," என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். அவள் அந்த நாளைத் தேடி, பத்திக்கு மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு போனாள்.

"அன்னிக்கி யாருமே லீவு இல்லீங்களா சார்?"

"இல்லம்மா. எல்லாரும் வந்திருந்தாங்க," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவரும் ஒரு காலத்தில் அந்த ஒரு வரிக்காக என்னிடம் வந்து நின்றவர்தான். இருவரும் அதை நினைத்தோம் என்பது இருவருக்கும் தெரிந்தது.

அவள் பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "அவரு போட்ட நோட்டு?"

வெளியே போய் அவரே எடுத்து வந்தார். "இதை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. ஞாபகத்துக்கு இருக்கட்டும். பெரிய பதிவேடுன்னா நான் தரமுடியாது பாருங்க, அது ரெக்கார்டு. இது அப்படி இல்ல. ஆடிட்டுக்கு வராது."

அவள் நன்றி சொன்னாள். அதைக் கேட்க என்னால் முடிந்தது என்பதே வியப்பு.

வீட்டுக்கு வந்தபின் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நானும் எதிரே அமர்ந்து தலைகீழாகப் பார்த்தேன். அதே ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் நாளிலேயே மாதம் முழுவதற்கும் தேதியை எழுதி வைக்கும் பழக்கம் அவனுக்கு. ஆகவே அவன் இறந்த நாளைத் தாண்டியும் தேதிகள் அவன் கையெழுத்தில் மாதக் கடைசிவரை இறங்கிப் போயின. பக்கத்துக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஐந்தாவது கட்டம், முதல் பக்கத்திலிருந்தே, ஒரு நாளுக்குக்கூட நிரப்பப்பட்டிருக்கவில்லை.

அவள் எழுந்து போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து நோட்டின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கமாகத் திருப்பினாள்.

"மாமா, இந்தக் கடைசி கட்டம் காலியாவே கெடக்குது. யாரும் தொறந்து பாக்கல போல. நீங்க ஆபீசரா இருந்தவங்கதான. ஒரே ஒரு பக்கத்துக்காவது போடுங்க. அவரு வந்தாரு, பாடம் நடத்துனாருன்னு யாராச்சும் ஒருத்தரு பாத்த மாதிரி இருக்கட்டும்."

நான் பேனாவை எடுத்தேன். எடுத்தது உண்மை. மூடியைக் கழற்றிய பிறகு சொன்னேன்:

"ஓய்வு பெற்றவங்க ஒப்பமிடக் கூடாதும்மா. செல்லாது."

"அது தெரியும் மாமா. இந்த நோட்டே செல்லாதுதான. அதுக்கென்னா இப்ப?"

அவள் காத்திருந்தாள். பகல் ஷிப்டு முடிந்து பஸ்கள் திரும்பும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகப் போய் அடங்கும்வரை காத்திருந்தாள். நான் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்து, அவள் வைத்திருந்த விதமாகவே திருப்பி நகர்த்தினேன்.

"சரி மாமா," என்றாள்.

அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வேளையும் சாப்பாடு வைக்கிறாள். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். மாமா என்றே கூப்பிடுகிறாள். என்னிடம் எதையும் கேட்பது மட்டும் இல்லை.

அந்த நோட்டை அவள் வீட்டின் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். குடும்ப அட்டை, எரிவாயுப் புத்தகம், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு ஆணை, என் ஓய்வூதியப் புத்தகம் ஆகிய எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நோட்டு.

உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் ஓய்வூதியர் நேர்காணலுக்கு இவ்வருடம் போக வேண்டியிருந்தபோது, அந்த நோட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுத்தான் என் புத்தகத்தை எடுக்க முடிந்தது. கருவூலத்தில் இருந்த பெண் என் புத்தகத்தைப் பிரித்து, என்னை ஏறிட்டுப் பார்த்து, மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"ஐயா டீச்சரா இருந்தவங்களா?"

"ஆமாம்," என்றேன்.

அவள் கட்டத்தைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.